தட்டாத சாம்பல்

ஜாசின், மலாக்கா
தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு

அன்புத் தம்பி ரையனுக்கு,

அக்கா மிஷேல் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் மச்சான் திவாகரும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பூசைக்கு முதல் ஆளாகப் போய் முன் பெஞ்சில் இடம் பிடிக்க மட்டும் அந்த முட்டி ஒருநாளும் தகராறு செய்ததில்லை. நீயும் பெர்த்தில் நலமாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று வழக்கம்போலக் கேட்கப் போவதில்லை. நீ தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது அக்கா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். போன் போட்டால், "மீட்டிங் லா அக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். தாள் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். தமிழ் மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு உன்னைத் தயார் செய்தவள் நான்.

கோலா சுங்கை பாருவில் வாங்கிய கருவாட்டையும் இந்தப் பார்சலில் வைக்கச் சொல்லி அம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஆஸ்திரேலியாவில் பிடித்தால் பிள்ளைக்குத்தான் அபராதம் போடுவார்கள் என்று பயமுறுத்தி எடுத்துவிட்டேன். அதனால் இந்த முறை உனக்கு இரண்டு சட்டையும் அக்காவின் வசவும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபேஸ்புக்கில் 'நியாலாஸ் கேஸ்' குழுவில் ஆந்தைப் படத்தை முகமாக வைத்துக்கொண்டு, ஆந்தைக்கு மலாயில் சொல்லும் 'புருங் ஹந்து' என்ற பெயரில் எழுதுவது நீதான். இல்லை என்று மறுத்து நேரத்தை வீணாக்காதே. நான் உன் எழுத்தையெல்லாம் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இத்தனை மாதமாக எழுதியெழுதி, நடந்தது எது, நீங்களாகச் சேர்த்தது எது என்று உனக்கே மறந்திருக்கும். போன தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, நியாலாஸ் தாமான் குடியிருப்பில் கணேஸ்வரன் அங்கிளையும் ஜெயா ஆன்ட்டியையும் அவர்கள் வீட்டிலேயே யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. ஜெயா ஆன்ட்டி கழுத்திலும் கையிலும் போட்டிருந்தது எதுவும் இல்லை. போலீஸ் இன்னும் யாரையும் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் குழு சமைத்தது.

நீ ஏன் அதில் சேர்ந்தாய் என்பது எனக்குப் புரிகிறது. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் ஜெயா ஆன்ட்டி உனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த முறுக்கை நீ மறந்திருக்க மாட்டாய். செய்தியைக் கேட்டு நீ போனில் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஊரில் உனக்குப் பேச ஆளில்லை என்பதும் தெரியும். வேலை முடிந்து அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பாய். குழுவில் நீ ஒரு வணக்கம் போட்டால் நூற்றுக்கணக்கில் இதயம் விழுகிறது. 'ஆந்தை அண்ணா என்ன சொல்கிறார்?' என்று சிங்கப்பூரிலும் லண்டனிலும் காத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் நியாலாஸை மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். யாருக்காயிருந்தாலும் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும்.

ஆனால் நீ என்ன செய்தாய் பார். யாரோ ஒரு புண்ணியவான் போலீஸ் எடுத்த படம் ஒன்றைக் கசியவிட்டான். ஹாலில் ஒரு சின்ன மேசை. அதன்மேல் ஒரு கிளாஸ் நிறைய ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். பக்கத்தில் சாம்பல் கிண்ணத்தில் ஒரு சிகரெட், முனையிலிருந்து அடிவரை எரிந்து, சாம்பல் உதிராமல் அப்படியே நீளமாகக் கிடக்கிறது. அதை நீ வெட்டி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டாய். புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே குடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. ஆகவே ஒரு விருந்தாளி வந்திருக்கிறான் என்று எழுதினாய். தெரிந்தவனாக இருந்தால்தானே அவன் குடிக்கிற ஸ்டவுட்டை வாங்கி வைப்பார்கள், ஸ்டவுட் குடிக்கிற சொந்தக்காரன் கணேஸ்வரனின் தம்பி, ஸ்கூல் வேன் ஓட்டுகிற காந்தன்தானே என்று அடுத்த வரி. அன்றைக்கு அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை என்று காந்தன் அங்கிள் போலீசில் சொன்னது பேப்பரில் வந்ததா, ஆகவே அவர் பொய் சொல்கிறார் என்று முடித்தாய். அவர் அன்று ஒரு கல்யாணக் கூட்டத்தை வேனில் ஏற்றிக்கொண்டு லூபோக் சீனாவுக்குப் போயிருந்ததைப் போலீஸ் விசாரித்துச் சரிபார்த்துவிட்டது. நீங்களோ, கல்யாண மண்டபத்திலிருந்து நழுவி வந்து போக நேரமிருக்கிறதா என்று மேப் போட்டுக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

அந்தச் சாம்பலைப் பற்றி நீ எழுதிய பத்தியைத்தான் எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சாம்பலைத் தட்டக்கூட இல்லாமல் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவன் மனம் எவ்வளவு உறைந்து போயிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒரு அம்மாள் அதற்கு மனோதத்துவப் பாடமே நடத்தினாள். பிறகு பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, அந்த மக்சிக், அன்று சாயங்காலம் அங்கிளும் ஆன்ட்டியும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வெளியே பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஒரு சேனலுக்குச் சொன்னாள். உடனே நீ, உள்ளே இருந்தவனுக்குப் பயந்துதான் சொந்த வீட்டுக்காரர்களே வெளியே நின்றிருக்கிறார்கள் என்று எழுதினாய். படிக்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. கெட்டிக்காரத்தனமாகத்தான் எழுதுகிறாய்.

இப்போது அக்கா சொல்வதைக் கேள். நான் இத்தனை வருஷமாக வாகன இன்சூரன்ஸில் கிளெய்ம் பார்க்கிறவள். எனக்கு வேலையே படம் பார்ப்பதுதான். வெட்டிய படம் வந்தால் முழுப் படத்தை அனுப்பு என்று திருப்பிவிடுவோம். நீ வட்டம் போட்ட படத்தை விட்டுவிட்டு, முதலில் கசிந்த முழுப் படத்தைத் தேடியெடுத்து ஆபீஸ் கணினியில் போட்டுப் பார்த்தேன். மேசையின் ஓரத்தில் வாழையிலை நுனி தெரிகிறது. இலையில் வடை, பொரித்த மீன், ஆட்டிறைச்சி. மேலே சுவரில் ஒரு வயதானவர் படம், மாலை போட்டிருக்கிறது, நெற்றியில் பொட்டு வைத்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு ஏன் தெரியவில்லை என்பதும் தெரிந்தது.

நாம் வேதக்காரர்கள். தீபாவளிக்கு இந்து வீடுகளுக்குப் போவோம், நன்றாகச் சாப்பிடுவோம், அங்பாவ் உறையில் பணம் வாங்குவோம், வருவோம். அதற்கு முன்னால் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று நீ பார்த்ததே இல்லை. நானும் திவாகரைக் கட்டும்வரை பார்த்ததில்லை. கல்யாணமாகி முதல் தீபாவளி. அலோர் காஜாவில் என் மாமியார் பெத்தம்மாள் காலையிலிருந்து சமைத்து, இலையில் எல்லாவற்றையும் பரிமாறி, மாமனார் படத்துக்கு முன்னால் வைத்தார். எல்லோரும் கும்பிட்டோம். பிறகு திடீரென்று எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் நின்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து நான் பின்பக்கமாக உள்ளே ஓடினேன். பார்த்தால் ஹாலில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருக்கிறது. தீப்பிடித்த வீடுகளின் படம் பார்த்தே பழகியவள் ஆயிற்றே, உடனே அதை நசுக்கி அணைத்தேன். பக்கத்தில் ஒரு கிளாஸ் பீர். பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் எவன் இதை வைத்தான் என்று திட்டிக்கொண்டே சிங்க்கில் ஊற்றிவிட்டேன்.

கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள் காலி கிளாஸைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நான் போய், "நான்தான் ஊத்திட்டேன் அத்தே, சிகரெட்டையும் அணைச்சிட்டேன்" என்றேன். திவாகர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் ஓடிப் போனார். மாமியார் என்னைத் திட்டவில்லை. இன்னொரு பாட்டிலை உடைத்து ஊற்றி, புது சிகரெட்டைப் பற்றவைத்து, மாமனார் படத்தைப் பார்த்து, "கோச்சுக்காதீங்க, புது மருமக, வேதக்காரப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு" என்றார். மறுபடியும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

அதுதான் படையல், ரையன். செத்துப்போன பெரியவர்களுக்கு, உயிரோடு இருக்கும்போது என்னவெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் வைப்பார்கள். அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நிற்பார்கள். அந்த மேசைக்கு விருந்தாளி வந்தார் என்பது சரிதான். அவர் கணேஸ்வரன் அங்கிளின் அப்பா வீரப்பன் தாத்தா. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய மனுஷன், ஸ்டவுட்டும் சிகரெட்டும் இல்லாமல் இருக்க மாட்டார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. நீ மனம் உறைந்தவன் என்று எழுதியது அவரைத்தான். சாம்பலைத் தட்ட அங்கே யாருமே இல்லை.

குழுவில் இருக்கும் இந்துத் தமிழர்களுக்கு இது தோன்றவில்லையா என்று கேட்பாய். சிலருக்குத் தோன்றியிருக்கிறது, எழுதியும் இருக்கிறார்கள். படையல் தீபாவளிக்கு முதல் நாள் தானே போடுவார்கள், இது சனிக்கிழமை ஆயிற்றே என்று மற்றவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். எனக்கும் அது இடித்தது. அதனால் ஈப்போவில் இருக்கிற ஜெயா ஆன்ட்டியின் தங்கை விஜயராணிக்குப் போன் போட்டேன். பாவம், பேசவே அவருக்கு மனசில்லை. ஆனாலும் சொன்னார். போன தீபாவளிக்கு அக்காவும் மாமாவும் ஈப்போ வருவதாக இருந்தார்களாம். "சனிக்கிழமையே மாமனாருக்குப் படையல் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பிடுறோம்னு அக்கா சொன்னுச்சு. அதுதான் கடைசியா பேசுனது" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். நானும் வைத்துவிட்டேன்.

இலையில் ஒன்றுமே கலையாமல் இருந்ததை வைத்து, விருந்தாளி கோபத்தில் சாப்பிடவில்லை என்று உங்கள் ஆள் ஒருவன் எழுதினான். படையல் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் உட்காரவே இல்லை. அந்தப் படத்தில் எனக்குப் பார்க்கத் தாங்காமல் போனது அதுதான்.

இதை நான் உன்னிடம் நேராக வராமல் முதலில் குழுவிலேயே எழுதினேன். மச்சானின் பூப்பந்து கிளப் கணக்கிலிருந்து, படையல் என்றால் என்ன, ஏன் கதவைச் சாத்துவார்கள் என்று பொறுமையாக, மரியாதையாக எழுதினேன். புருங் ஹந்து பதில் போட்டது. 'வசதியான விளக்கம். ஆதாரம் எங்கே?' என்று கேட்டது. உன் மச்சான் அதைப் படித்துவிட்டு, "உங்க தம்பி என்னையே ஆதாரம் கேக்குறான் லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீதான் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் 'வைல்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'வைல்ஸ்ட்' என்று எழுதுகிறவன் நம் வம்சத்திலேயே நீ ஒருவன்தான். அப்போதே லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் காந்தன் முரடன் என்று நிரூபிக்க நீ எழுதிய அந்த வேன் கதைதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. ஸ்கூல் வேனில் ஒரு பையனை உதட்டில் ரத்தம் வர அறைந்தார், நான் நேரில் பார்த்தேன் என்று எழுதினாய். ஆமாம், அறைந்தார். நானும் பின்சீட்டில் இருந்தேன். அந்தத் தடிப்பயல் யாரைத் தினமும் வேனில் வைத்து அடித்துக்கொண்டிருந்தான் என்பதை ஏன் எழுதவில்லை? அன்று யாருடைய கையை முறுக்கி ஜன்னலுக்கு வெளியே தள்ளிப் பிடித்திருந்தான்? எதிரே பனைக்கொட்டை லாரி வந்ததை நான் பார்த்தேன். நான் கத்திய கத்தலில் காந்தன் அங்கிள் வேனை நிறுத்தி இறங்கி வந்து உன் கையை உள்ளே இழுத்தார். பிறகுதான் அறைந்தார். அன்றிலிருந்து நீ முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாய். அந்தப் பையனின் அப்பா சண்டைக்கு வந்தபோது, அவர் உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கையால்தான் நீ இதையெல்லாம் டைப் செய்கிறாய். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

உனக்குப் பெர்த்தில் தெரியாத இன்னொன்றையும் சொல்கிறேன். காந்தன் அங்கிளுக்கு இப்போது வேன் ஓட்டம் இல்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நேரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'வீட்டுக்காரர் இனி கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார்' என்று மெசேஜ் மட்டும் வந்தது. வேன் வீட்டு வாசலில் வெயிலில் கிடக்கிறது. கேட்டில் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றி, ஆந்தைப் படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறான். உன் ஆந்தை, ரையன். அவர் மனைவி துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். அவர் அந்தப் படத்தை அதுவரை பார்க்கவே இல்லையாம், பார்க்கத் தைரியமில்லையாம். நான் முழுப் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கோயில் கமிட்டித் தேர்தலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும், அதையும் நீ காரணமாக எழுதியிருக்கிறாய். அந்த மனுஷன் படத்தை விரலால் தொட்டு, "அப்பாவுக்குப் போட்டிருக்காரு மிஷேலு. எப்பவும் ரெண்டு பேரும் சேந்துதான் போடுவோம். இந்தத் தடவ என்னைக் கூப்பிடல" என்று சொல்லி, பிள்ளை மாதிரி அழுதார். தன்னைக் கொலைகாரன் என்று சொன்னதற்கு அவர் அன்று அழவில்லை. கூட உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

சரி, இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பயந்துபோய் இராத்திரியோடு இராத்திரியாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடிவிடாதே. நீ அழித்தாலும் ஊரெல்லாம் பிரதி இருக்கிறது. ஆந்தையை மிரட்டிவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். அதே இடத்தில், உன் சொந்தப் பெயரில், உன் முகத்தோடு எழுது. அந்தக் கிளாஸ் யாருக்கு வைத்தது என்று எழுது. முழுப் படத்தையும் போடு. வேனில் அந்த அறை யாருக்காக விழுந்தது என்று எழுது. படையலைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அந்த அறையைப் பற்றி உன்னால்தான் சொல்ல முடியும்.

கொன்றது யார் என்று எனக்குத் தெரியாது. காந்தன் அங்கிள் மகாத்மா என்று நான் சொல்லவில்லை. முன்கோபி, கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கியவர். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் அவர் உட்காரவில்லை. கொன்றவன் எங்கோ உட்கார்ந்து உங்கள் குழுவைப் படித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பான்.

உயிர்ப்பு ஞாயிறுக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். மிஷேல் திவாகர், புருங் ஹந்துவின் கூடப்பிறந்தவள் என்று கையெழுத்துப் போட்டு எழுதுவேன். உன் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியும்.


செவ்வாய்க்கிழமை

ஞாயிறே இதை ஒட்டி அனுப்பியிருக்க வேண்டும். பார்சல் கடை அடைத்திருந்ததால் நின்றுபோனது. இப்போது அதுவும் நல்லதற்குத்தான் என்று தோன்றுகிறது. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வரியையும் எடுக்கப் போவதில்லை. ஒரு விஷயம் உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தேன், அதைச் சொல்கிறேன்.

காந்தன் அங்கிளின் மகள் தேவிஸ்ரீ இந்த மாதத் தொடக்கத்திலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிப் பள்ளியை முடிக்க வேண்டிய பிள்ளை. வகுப்பு குரூப்பிலேயே அப்பா படத்தோடு அந்த ஸ்டவுட் கிளாஸை ஒட்டி யாரோ போட்டுவிட்டார்கள். அதன் பிறகு நியாலாஸ் பள்ளிக்கு அவள் போகவில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். நான் போய்க் கையோடு கூட்டிவந்து ஜாசினில் வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறேன். உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறோம். உன் மேசையில்தான் படிக்கிறாள். முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அம்மாவோடு சேர்ந்து சாயங்காலத்தில் ஜெபமாலைக்குக்கூட உட்காருகிறாள். நெற்றியில் திருநீறு, கையில் ஜெபமாலை. அம்மாவுக்கு அவளைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பு. புருங் ஹந்து யார் என்று அம்மாவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எனக்கும் மச்சானுக்கும் மட்டும்தான் தெரியும்.

நேற்று சாயங்காலம் நான் உனக்கு எழுதிய தாள்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். பெர்த்துக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, ரையன் அண்ணன் கம்ப்யூட்டர் செக்யூரிட்டியிலதான வேல செய்றாரு? அந்த புருங் ஹந்து யாருன்னு அவரு கண்டுபிடிச்சிடுவாரு தான? அப்பா சொல்லுவாரு, ரையன் ரொம்ப நல்ல பையன், சின்னதுல வேன்ல என் பக்கத்துலயேதான் உக்காருவான்னு. எனக்காக ஒரு வார்த்த எழுதுங்கக்கா. அந்த ஆள நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏன் இப்படி எழுதுனாருன்னு மட்டும் கேக்கணும்."

எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு உன் அறைக்குள் போய்விட்டாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.

அதனால் மேலே போட்ட மிரட்டலை எடுத்துக்கொள்கிறேன். குழுவில் எழுத வேண்டியதை எழுது, அது உன் மனசாட்சி. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் போடு. எனக்கு எழுதாதே. 'அன்புத் தங்கை தேவிஸ்ரீக்கு' என்று ஆரம்பித்து அவள் பெயருக்கே அனுப்பு. தாளில், உன் கையெழுத்தில் எழுது. தபால்காரன் வரும்போது கேட்டில் நிற்பது இனிமேல் அவள்தான்.

உன்னை நான் ஒருநாளும் வெறுக்க மாட்டேன், ரையன். நீ என்ன எழுதினாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். ஆண்டவர் உனக்குத் தைரியத்தையும் நல்ல வார்த்தைகளையும் தரட்டும் என்று ஒவ்வொரு இரவும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடும்,
அக்கா மிஷேல்